மஞ்சள் கிழங்கும் கண்வலிக் கிழங்கும்: மாரடைப்பு மருந்தின் ஒரு பழைய கதை



நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்கள் கணிசமாக இருக்கிறோம். மாரடைப்பிலிருந்து மீண்டவர்கள், ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்கள், பைபாஸ் செய்துகொண்டவர்கள் என்று எண்ணினால் ஏறக்குறைய ஒவ்வொரு பிளாக்கிலும் ஒருவராவது இருப்பார். அதனால்தானோ என்னவோ, வாட்ஸ்அப்பில் அதிகம் சுற்றும் செய்திகளில் ஒன்று இதுவாக இருக்கிறது: “மாரடைப்புக்குப் பிறகு ரத்தக்குழாயில் அழற்சி இருந்துகொண்டே இருக்கும். அதை அடக்க மஞ்சள் சத்து மாத்திரை போதும். நம் முன்னோர் அன்றே சொன்னார்கள்.” கூடவே ஒரு கேப்சூல் டப்பாவின் படமும் வரும். மிளகுச் சத்து சேர்த்தது, இஞ்சி சேர்த்தது, லவங்கப்பட்டை சேர்த்தது என்று விதவிதமாக.

அந்தச் செய்தியின் முதல் வரியில் உண்மை இருக்கிறது. இரண்டாவது வரியில்தான் சிக்கல். அந்தச் சிக்கலை விளங்கிக்கொள்ள மருத்துவம் படிக்க வேண்டியதில்லை. கொஞ்சம் வரலாறு தெரிந்தால் போதும். இந்த இதழின் வரலாற்றுப் பக்கத்தில் இரண்டு கிழங்குகளின் கதையைச் சொல்கிறேன். இரண்டுமே தமிழ்நாட்டு மண்ணில் விளைபவை. ஒன்றை நாம் தினமும் சாம்பாரில் போடுகிறோம். மற்றொன்றை விஷம் என்று வேலியோடு விட்டுவைத்தோம். இதய மருந்து என்ற இடத்துக்கு இன்று எது போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதுதான் கதை.

பாரிஸில் ஒரு வேதியியலாளர்

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வேதியியலாளர்களுக்கு ஒரு பெரிய ஆர்வம் இருந்தது. ஒரு மூலிகை வேலை செய்கிறது என்றால், அதற்குள் இருக்கும் எந்தப் பொருள் அந்த வேலையைச் செய்கிறது? அதைத் தனியாகப் பிரித்தெடுக்க முடியுமா? பாரிஸில் இருந்த பியர் ஜோசஃப் பெல்லத்தியே இதில் கைதேர்ந்தவர். 1815-இல் அவரும் வோகெல் என்பவரும் சேர்ந்து மஞ்சளிலிருந்து அதன் நிறப்பொருளைப் பிரித்தார்கள். அதற்குக் குர்குமின் என்று பெயர் வந்தது. இன்று கேப்சூல் டப்பாக்களில் நீங்கள் பார்க்கும் அதே குர்குமின்தான்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1819-இல், டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் மிளகிலிருந்து பைப்பரினைப் பிரித்தார். அடுத்த ஆண்டே மின்சாரம் ஓடும் கம்பி காந்த ஊசியை அசைக்கும் என்று கண்டு உலகப் புகழ் பெற்றவரும் இவரேதான். மஞ்சளும் மிளகும் சேர்ந்த கேப்சூலின் இரண்டு முக்கியப் பொருட்களும் ஆக நாலே ஆண்டு இடைவெளியில் கண்ணாடிக் குடுவைக்குள் வந்துவிட்டன.

1820-இல் பெல்லத்தியே தன் நண்பர் கவாந்துவுடன் சேர்ந்து மலேரியா மருந்தான குயினைனைப் பிரித்தார். அதே ஆண்டில் அவர்கள் இருவரும் ஐரோப்பாவில் வளரும் கோல்சிகம் என்ற செடியையும் ஆராய்ந்தார்கள். கீல்வாத வலிக்கு, குறிப்பாகக் கால் கட்டை விரலில் குத்தும் கௌட் வலிக்கு, பல நூற்றாண்டுகளாகப் பயன்பட்டுவந்த விஷச்செடி அது. அதிலிருந்து கிடைத்த பொருள்தான் பின்னர் கோல்சிசின் எனப்பட்டது.

அதே கோல்சிசின் நம் ஊர்ச் செடி ஒன்றிலும் இருக்கிறது. செங்காந்தள்! தமிழ்நாட்டின் மாநில மலர். கார்த்திகைப் பூ என்றும் சொல்வோம். கிழங்கைக் கண்வலிக் கிழங்கு, கலப்பைக் கிழங்கு என்போம். நெருப்புச் சுடர் மாதிரி இதழ் விரிக்கும் இந்தக் கொடியின் கிழங்கும் விதையும் ஆளைக் கொல்லக்கூடியவை என்பது கிராமத்தில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம், வேதாரண்யம் பக்கங்களில் இதைப் பந்தல் போட்டுப் பயிரிடுகிறார்கள். எதற்கு? விதைக்காக. அந்த விதையிலிருந்துதான் மருந்துத் தொழிற்சாலைகள் கோல்சிசின் எடுக்கின்றன.

ஒரே வேதியியலாளரின் கையில் ஐந்து ஆண்டு இடைவெளியில் பிறந்த இரண்டு பொருட்கள் இவை. அடுத்த இருநூறு ஆண்டுகளில் அவை போன பாதைகள் வேறு வேறு.

மஞ்சளுக்காக நடந்த வழக்கு

மஞ்சளைப் பற்றிப் பேசினால் 1990-களில் நடந்த காப்புரிமைச் சண்டையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1995 மார்ச்சில், மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பணியாற்றிய இரண்டு இந்திய வம்சாவளி ஆய்வாளர்கள் கண்டுபிடித்ததாகச் சொல்லி, காயம் ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. பாட்டி கை வைத்தியத்துக்கு அமெரிக்காவில் பட்டாவா என்று இங்கே கொதித்துப் போனார்கள்.

அப்போது மத்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுவின் தலைவராக இருந்தவர் ரகுநாத் மஷேல்கர். அந்தக் குழு 1996-இல் காப்புரிமையை எதிர்த்து மனு செய்தது. பழைய சமஸ்கிருத நூல்கள், 1953-இல் இந்திய மருத்துவச் சங்க இதழில் வந்த ஒரு கட்டுரை உள்பட 32 சான்றுகளை அடுக்கியது. 1997-இல் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் நம் பக்கம் தீர்ப்பளித்தது. காப்புரிமை செல்லாமல் போனது. இந்த அனுபவத்தின் விளைவாகவே ஆயுர்வேத, சித்த, யுனானி நூல்களின் குறிப்புகளைக் கணினியில் ஏற்றும் மரபு அறிவு மின்னூலகத் திட்டம் 2001-இல் தொடங்கியது.

பெருமைப்பட வேண்டிய வெற்றி. ஆனால் அந்த வழக்கில் எது நிரூபிக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். காயத்துக்கு மஞ்சள் பூசுவது புதிய கண்டுபிடிப்பா, பழைய வழக்கமா என்பது மட்டுமே அங்கே கேள்வி. பழைய வழக்கம் என்று நிரூபித்தோம், ஜெயித்தோம். மஞ்சள் எந்த நோயைக் குணமாக்கும், எவ்வளவு கொடுத்தால் குணமாக்கும் என்ற கேள்வியை அங்கே யாரும் விசாரிக்கவில்லை. “அமெரிக்காவே மஞ்சளின் சக்தியை ஒப்புக்கொண்டது” என்று இன்று சுற்றும் செய்திகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகின்றன.

அழற்சி என்றால் என்ன?

முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் அழற்சிக்கு நான்கு அடையாளங்கள் சொன்னார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. முள் குத்திய விரலில் இந்த நான்கையும் பார்க்கலாம். உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் ஏற்பாடு அது.

மாரடைப்புக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வெகுகாலம் மாரடைப்பைத் தண்ணீர்க் குழாய் அடைப்பு மாதிரிதான் எண்ணினார்கள். கொழுப்பு படியும், குழாய் சுருங்கும், ஒரு நாள் அடைக்கும். ஆனால் கொழுப்புப் படிவைத் துண்டாக்கி நுண்ணோக்கியில் பார்த்தால் அதற்குள் வெள்ளணுக்கள் நிறைந்திருந்தன. அமெரிக்க ஆய்வாளர் ரஸல் ராஸ் 1999-இல், தமனித் தடிப்பு என்பதே ஓர் அழற்சி நோய் என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை வெளியிட்டார். அழற்சியால் பதமிழந்த படிவு வெடிக்கும்போது அதன்மேல் ரத்தம் உறைந்து, குழாய் நிமிடங்களில் அடைபடுகிறது.

அழற்சியை அளக்க ஒரு ரத்தப் பரிசோதனையும் கிடைத்தது. உங்கள் லேப் ரிப்போர்ட்டில் சி.ஆர்.பி. என்று ஒரு வரி வந்திருக்கலாம். அந்தப் புரதத்தை 1930-இலேயே நியுமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் கண்டுபிடித்திருந்தார்கள். 1997-இல் ஹார்வர்டைச் சேர்ந்த பால் ரிட்கரும் சகாக்களும், ஆரோக்கியமாகத் தோன்றிய ஆண்களில் சி.ஆர்.பி. கூடுதலாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் மாரடைப்பு அதிகம் வந்ததைக் காட்டினார்கள்.

அப்படியானால் அழற்சியைக் குறைத்துவிட்டால் போயிற்று என்று தோன்றும். டாக்டர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. இங்கேதான் இரண்டு கசப்பான பாடங்கள்.

முதல் பாடம் 1970-களில். அழற்சியை அடக்குவதில் ஸ்டீராய்டை மிஞ்சியது இல்லை. மாரடைப்பு வந்தவர்களுக்கு அதை ஊசியாகப் போட்டுப் பார்த்தார்கள். இதயத் தசையில் சேதம் கூடியது, துடிப்புக் கோளாறுகளும் அதிகமாயின என்று 1976-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. காரணம் எளிது. மாரடைப்பில் இறந்துபோன தசையை வெள்ளணுக்கள் வந்து அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் உறுதியான தழும்பு உருவாக வேண்டும். அந்தத் துப்புரவு வேலைக்குப் பெயரும் அழற்சிதான். துப்புரவாளரைத் துரத்திவிட்டால் வீடு எப்படிச் சுத்தமாகும்?

இரண்டாம் பாடம் 2004-இல். மூட்டு வலிக்குப் பரபரப்பாக விற்ற வயாக்ஸ் என்ற அழற்சி எதிர்ப்பு மாத்திரை அந்த ஆண்டு செப்டம்பரில் உலகச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. அதைச் சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் கூடியிருந்தன.

“அழற்சியைக் குறைக்கும்” என்ற சொல் எந்த டப்பாவில் இருந்தாலும் இந்த இரண்டு பாடங்களையும் நினைவில் வையுங்கள். அழற்சியைக் குறைப்பது ஒன்று. அதனால் ஆளுக்கு நன்மை விளைவது வேறொன்று.

விஷக் கிழங்கு தேர்வு எழுதியது

2017-இல்தான் கருத்து முதன்முறையாகத் தெளிவாக நிரூபணமானது. ஏற்கெனவே மாரடைப்பு வந்து, சி.ஆர்.பி. கூடுதலாக இருந்த 10,061 பேரிடம் கனாகினுமாப் என்ற ஊசி மருந்தைச் சோதித்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி. கொலஸ்ட்ராலை அது தொடவே இல்லை. அழற்சியை மட்டும் குறைத்தது. 150 மி.கி. அளவில் போட்டுக்கொண்டவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை மொத்தமாகச் சுமார் 15 சதவீதம் குறைந்தன. ஆனால் உயிர் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின. மொத்த மரண எண்ணிக்கையில் மாற்றமில்லை. இதய நோய்க்கு அந்த ஊசி அனுமதி பெறவில்லை.

அடுத்து, மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்சேட்டை 4,786 பேரிடம் சோதித்தார்கள். அழற்சியும் குறையவில்லை, மாரடைப்பும் குறையவில்லை.

அப்போதுதான் பெல்லத்தியேயின் பழைய பொருள் மேடைக்கு வந்தது. 2019-இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு வந்து 30 நாட்களுக்குள் இருந்த 4,745 பேரில் பாதிப் பேருக்குத் தினமும் அரை மில்லிகிராம் கோல்சிசின், மீதிப் பேருக்கு அதே மாதிரித் தோற்றமுள்ள மருந்தில்லாத மாத்திரை. மீண்டும் இதய, ரத்தக்குழாய்ப் பாதிப்பு வந்தவர்கள் மருந்தில்லாதவர்களில் 7.1 சதவீதம், கோல்சிசின் சாப்பிட்டவர்களில் 5.5 சதவீதம். அடுத்த ஆண்டு, நாள்பட்ட இதய நோயுள்ள 5,522 பேரிடம் நடந்த இன்னோர் ஆய்விலும் 9.6 சதவீதம் 6.8 ஆகக் குறைந்தது. 2023 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அரை மில்லிகிராம் கோல்சிசினை இதய நோய்க்கு அனுமதித்தது. செங்காந்தளில் இருக்கும் விஷம் இதய மருந்தாகிவிட்டது!

கதை அதோடு முடியவில்லை. 2024-இல் இன்னும் பெரிய ஆய்வு, 7,062 மாரடைப்பு நோயாளிகள். இம்முறை கோல்சிசின் பிரிவில் 9.1 சதவீதம், மருந்தில்லாத பிரிவில் 9.3 சதவீதம். வித்தியாசம் இல்லை என்றே அர்த்தம். யாருக்குக் கொடுப்பது, எப்போது தொடங்குவது என்று டாக்டர்கள் மீண்டும் விவாதிக்கிறார்கள்.

இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்து “டாக்டர்களே மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்” என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு மருந்து ஆயிரக்கணக்கானோரிடம் தேர்வு எழுதி, ஒரு தடவை பாஸாகி, அடுத்த தடவை ஃபெயிலாவதை வெளிப்படையாக நாம் பார்க்க முடிகிறது. அதுதான் அதன் மதிப்பு.

மஞ்சளின் தேர்வுத் தாள்கள்

இனி நம் மஞ்சளைப் பார்ப்போம். குர்குமினின் மூலக்கூறு அமைப்பு 1910-இல் தெரிந்தது. 1949-இல் அது கிருமிகளைத் தடுக்கும் என்று ஒரு கட்டுரை வந்தது. பிறகு சோதனைக் குழாயிலும் எலியிலும் ஆயிரக்கணக்கான ஆய்வுகள். குழாயில் அது அழற்சியைக் குறைத்தது உண்மை. ஆனால் மனிதர் விழுங்கினால், குடலிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகமிகச் சொற்பம். போனதையும் கல்லீரல் விரைவாகக் கழித்துவிடுகிறது.

இதற்கு ஒரு வழி 1998-இல் பெங்களூரிலிருந்து வந்தது. 2 கிராம் குர்குமினோடு 20 மி.கி. பைப்பரின் சேர்த்துக் கொடுத்தால் ரத்தத்தில் சேரும் அளவு 2,000 சதவீதம் கூடுகிறது என்று அங்கே ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். கேப்சூல் விளம்பரங்களில் வரும் பிரபலமான எண் இதுதான். ஆனால் சில ஆரோக்கியமான மனிதர்களிடம் சில மணி நேரம் அளந்து பார்த்த ஆய்வு அது. ரத்தத்தில் ஏறக்குறைய ஒன்றுமில்லாத அளவு இருபது மடங்கானாலும் கொஞ்சம்தான். தவிர, ரத்தத்துக்குப் போய்ச் சேர்ந்தது என்பது நோய் குறைந்தது என்பதற்குச் சான்றாகாது.

இதய நோயாளிகளிடம் சோதித்தார்களா? சோதித்தார்கள். 2012-இல் தாய்லாந்தின் சியாங் மாய் நகரிலிருந்து நம்பிக்கையூட்டும் முடிவு ஒன்று வெளிவந்தது. பைபாஸ் செய்துகொண்ட 121 பேரில் ஒரு பாதிக்கு அறுவைக்கு மூன்று நாள் முன்பிலிருந்து ஐந்து நாள் பின்புவரை தினமும் 4 கிராம் குர்குமின் வகைப் பொருட்கள். மருத்துவமனையில் இருக்கும்போதே மாரடைப்பு வந்தவர்கள், மருந்தில்லாத பிரிவில் 30 சதவீதம். மஞ்சள் பிரிவில் 13.1 சதவீதம். சி.ஆர்.பி.யும் குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் 121 பேர் என்பது சிறு வகுப்பறை மாதிரி. பெரிய தேர்வு தேவை.

பெரிய தேர்வு ஒன்று கனடாவில் நடந்து 2018-இல் முடிவு வந்தது. வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு அறுவை செய்துகொள்ளும் 606 பேர், 10 மருத்துவமனைகள். நான்கு நாட்களில் எட்டு வேளை, வேளைக்கு 2 கிராம் குர்குமின். சி.ஆர்.பி. குறையவில்லை, இதயச் சேதத்தைக் காட்டும் அளவீடுகளும் குறையவில்லை. மாறாக, திடீர் சிறுநீரகப் பாதிப்பு மருந்தில்லாத பிரிவில் 10 சதவீதமாக இருக்க, குர்குமின் பிரிவில் 17 சதவீதமாக இருந்தது. அறுவைக்குப் போகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள்.

2017-இல் மருந்து வேதியியலாளர்கள் சிலர் குர்குமின் ஆராய்ச்சி முழுவதையும் அலசினார்கள். 120-க்கும் மேற்பட்ட மருத்துவப் பரிசோதனைகள் நடந்திருந்தும், நோயாளிக்கும் மருத்துவருக்கும் யாருக்கு எது என்று தெரியாதபடி கண்டிப்பாக நடத்தப்பட்ட எதிலும் அது வெற்றி காணவில்லை என்று எழுதினார்கள். குர்குமின் பல ஆய்வகச் சோதனைகளில் சோதனை முறையையே குழப்பி, வேலை செய்வதுபோல் தோற்றம் காட்டும் என்பதும் அவர்கள் சுட்டிய குறை.

2022-இல் வேறொரு ஒப்பீடு. அமெரிக்காவின் கிளீவ்லண்டில், இதய நோய் இன்னும் வராத 190 பேரை எட்டுப் பிரிவாக்கி 28 நாட்கள் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி.; இன்னொன்றுக்கு மருந்தில்லாத மாத்திரை; மற்றவற்றுக்கு மஞ்சள், பூண்டு, லவங்கப்பட்டை, மீன் எண்ணெய் போன்ற சப்ளிமென்ட்கள். ஸ்டாட்டின் கெட்ட கொலஸ்ட்ராலை 37.9 சதவீதம் குறைத்தது. மஞ்சள் உள்பட எந்தச் சப்ளிமென்ட்டும் மருந்தில்லாத மாத்திரையைவிட மேலாகக் குறைக்கவில்லை.

ஆக, மாரடைப்பு வந்தவர்களுக்கு மறு மாரடைப்பை மஞ்சள் கேப்சூல் தடுக்கும் என்று காட்டும் பெரிய ஆய்வு இன்றுவரை இல்லை. இஞ்சி, பட்டை, பூண்டுக் கேப்சூல்களுக்கும் இதே நிலைதான்.

சமையல் மஞ்சள் வேறு, கேப்சூல் வேறு

“பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே? நாம் தினமும் சாப்பிடுவதுதானே?” என்று கேட்பீர்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம்.

மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு டீஸ்பூன் தூளை 3 கிராம் என்று வைத்தால் அதில் சுமார் 90 மி.கி. குர்குமின். நான்கு பேர் குடும்பத்துக்கு ஒரு நாள் சமையலில் ஒரு டீஸ்பூன் என்றால் ஆளுக்கு 25 மி.கி.கூட வராது. 500 மி.கி. குர்குமின் உள்ள ஒரு கேப்சூல் சுமார் 17 கிராம் மஞ்சள் தூளுக்குச் சமம். தாய்லாந்து ஆய்வில் கொடுத்த 4 கிராம் என்பது 130 கிராம் மஞ்சள் தூள்! நம் முன்னோர் யாரும் ஒரு நாளில் இவ்வளவு சாப்பிட்டதில்லை. ஆகவே “காலங்காலமாகச் சாப்பிடுகிறோம்” என்ற அனுபவம் சாம்பாருக்குப் பொருந்தும், கேப்சூலுக்குப் பொருந்தாது.

அளவு மாறினால் குணமும் மாறும். இத்தாலியில் 2019-இல் மஞ்சள் சப்ளிமென்ட் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து அரசே எச்சரிக்கை விட்டது. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளைப் பதிவு செய்யும் ஆய்வுக் குழு, மஞ்சளால் வந்த 10 பாதிப்புகளை 2022-இல் விவரித்தது. ஐந்து பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார். பத்தில் ஏழு பேருக்கு ஒரே வகை மரபணுக் கூறு இருந்தது. அது தனக்கு இருக்கிறதா என்று நம்மில் யாருக்கும் தெரியாது. இவை அரிதான பாதிப்புகள்தான். ஆனால் பலன் நிரூபணமாகாத பொருளுக்காக அரிதான ஆபத்தையும் ஏன் ஏற்க வேண்டும்?

மாரடைப்பு வந்தவர்களுக்கு இதைவிட முக்கியமானது மருந்துகளோடு நடக்கும் மோதல். பைப்பரின் எப்படிக் குர்குமினை ரத்தத்தில் கூட்டுகிறது? வெளியிலிருந்து வரும் பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் குடல், கல்லீரல் நொதிகளின் கையைக் கட்டிப்போடுகிறது. கேப்சூலில் இருக்கும் செறிந்த பைப்பரின் குர்குமினுக்கு மட்டும் கதவு திறக்கும் காவலாளி கிடையாது. அட்டோர்வாஸ்டாட்டின், டிகாக்ரெலோர், ஏன், கோல்சிசினே கூட அதே வழியில் சிதைபவைதான். அவற்றின் அளவும் ரத்தத்தில் ஏறும் வாய்ப்பு உண்டு. வார்ஃபரின் சாப்பிடுபவர்களுக்கு ஒரு செய்தி: நியூசிலாந்தில் சீராக மருந்து எடுத்துவந்த ஒருவர் மஞ்சள் சப்ளிமென்ட் தொடங்கிய சில வாரங்களில் அவருடைய ஐ.என்.ஆர். 10-ஐத் தாண்டியதாக அந்நாட்டு மருந்துக் கண்காணிப்பு அமைப்பு 2018-இல் அறிவித்தது. 2, 3 என்று இருக்க வேண்டிய எண் அது. 10 என்றால் உள்ளே ரத்தக் கசிவு எப்போது வேண்டுமானாலும் வரலாம்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா? சப்ளிமென்ட்கள் மருந்துக் கட்டுப்பாட்டின் கீழ் வருவதில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகின்றன. மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதல்ல என்று டப்பாவிலேயே அச்சிட வேண்டும் என்பது விதி. கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிப் பாருங்கள், சின்ன எழுத்தில் இருக்கும். இதய நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து, மாய வைத்திய விளம்பரச் சட்டமே தடுக்கிறது. வாட்ஸ்அப் பகிர்வுக்குத்தான் எந்தத் தடையும் இல்லை.

உங்கள் மாத்திரைப் பெட்டியில் இருக்கும் மூலிகைகள்

இந்தச் செய்திகளால் வரும் மிகப் பெரிய ஆபத்து கேப்சூலில்கூட இல்லை. “இயற்கைக்கு மாறிவிட்டேன்” என்று சொல்லிக்கொண்டு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்துவதில் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரலையும் தானாக நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து மீண்டும் மாரடைப்பு வரலாம், உயிரும் போகலாம்.

நிறுத்தத் தோன்றினால் உங்கள் மாத்திரைப் பெட்டியின் வம்சாவளியைப் பாருங்கள். ஆஸ்பிரினின் மூதாதை வில்லோ மரப்பட்டை. 1897-இல் அது இன்றைய வடிவம் பெற்றது. 1988-இல் 17,187 மாரடைப்பு நோயாளிகளிடம் சோதித்தபோது முதல் ஐந்து வார மரணத்தை 23 சதவீதம் குறைத்தது. ஸ்டாட்டினின் மூதாதை ஒரு பூஞ்சணம். ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைத் தேடி அதைக் கண்டுபிடித்தார். 1994-இல் 4,444 இதய நோயாளிகளிடம் செய்த ஆய்வில் சிம்வாஸ்டாட்டின் மொத்த மரணங்களை 30 சதவீதம் குறைத்தது. கோல்சிசினின் கதையை மேலே படித்தீர்கள். இவை எல்லாமே இயற்கையின் பிள்ளைகள்தான். மஞ்சளுக்கும் இவற்றுக்கும் உள்ள வேறுபாடு பிறந்த இடத்தில் இல்லை. எழுதிய தேர்வில் இருக்கிறது. நாளையே மஞ்சளிலிருந்து செய்த ஒரு மருந்து அந்தத் தேர்வில் தேறினால், ஈரோட்டுக்காரர்களோடு சேர்ந்து நாமும் கொண்டாடலாம்.

அதுவரை செய்யக்கூடியவை:

1. ரசம், சாம்பார், பொங்கல், பாலில் சிட்டிகை மஞ்சள் எல்லாம் வழக்கம்போல் தொடரட்டும். சமையல் அளவில் கவலை வேண்டாம்.

2. மஞ்சள், பூண்டு, இஞ்சி, பட்டை, எந்தக் கேப்சூலாக இருந்தாலும் அடுத்த முறை டாக்டரைப் பார்க்கும்போது டப்பாவையே எடுத்துச் சென்று காட்டுங்கள். “மருந்து இல்லை, சத்து மாத்திரைதான்” என்று மறைக்காதீர்கள்.

3. அறுவைச் சிகிச்சை, ஆஞ்சியோ, பல் பிடுங்குதல் எதுவானாலும் முன்கூட்டியே இதைச் சொல்லுங்கள்.

4. கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்நிறமாவது, காரணமில்லாத சோர்வு, அரிப்பு, ஈறில் ரத்தம் இவற்றில் எது தெரிந்தாலும் கேப்சூலை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

5. செங்காந்தள் கிழங்கையோ விதையையோ வீட்டில் அரைத்துச் சாப்பிடும் எண்ணம் யாருக்கும் வரவே வேண்டாம். மருந்தின் அளவு அரை மில்லிகிராம். அதற்கும் விஷத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகக் குறைவு.

6. கோல்சிசின் உங்களுக்குப் பொருந்துமா என்பதைச் சிறுநீரக, கல்லீரல் நிலையைப் பார்த்து டாக்டர்தான் சொல்ல முடியும். மருந்துக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

7. நெஞ்சு வலி, இடது கை வலி, திடீர் வியர்வை, மூச்சுத் திணறல் வந்தால் மஞ்சள் பால் காய்ச்சிக்கொண்டு நேரம் போக்காமல் 108-ஐ அழையுங்கள்.

நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் அளவையும், சப்ளிமென்ட்கள் உள்பட, ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். ஒரு பிரதியைப் பக்கத்து வீட்டாரிடம் கொடுத்துவைப்பது இன்னும் நல்லது. பிள்ளைகள் வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் நம்மிடம் நிறைய. நள்ளிரவில் ஆம்புலன்ஸ் வரும்போது அந்த ஒரு தாள் டாக்டருக்கு எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். இந்த வாரமே எழுதிவிடுங்கள்.